ஊர்மிளாவின் வாக்குமூலம்

காரைக்குடியில் தமிழ் படிக்கிறவர்களுக்குக் கம்பன் அடுத்த தெருக்காரர் மாதிரி. 1939இல் சா. கணேசன் தொடங்கிவைத்த கம்பன் விழா பங்குனிதோறும் நடக்கிறது. நிறைவு நாளில் நாட்டரசன்கோட்டைக்குப் போய்க் கம்பன் சமாதியில் வணங்கிவிட்டு வருவார்கள். சிறுமியாக இருந்த காலத்திலிருந்து அந்தப் பந்தலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். வாலியை மறைந்து நின்று கொன்றது முறையா, கைகேயி குற்றவாளியா, வீடணன் துரோகியா என்று நடுவர் முன்னால் வழக்காடுவார்கள். ஊர்மிளைக்கு மட்டும் வழக்கு இல்லை. அண்ணன் பின்னால் காட்டுக்குப் போன தம்பியின் மனைவி அன்றைக்கு என்ன சொன்னாள் என்று கேட்டால், எடுத்துக்காட்ட ஒரு செய்யுள் கிடையாது. காப்பியம் அவளைப் பேசவிடவில்லை.

எனக்கு இந்த ஊர்மிளை நினைவுக்கு வந்தது வேறோர் ஊர்மிளாவால். முதுகலை வகுப்பில் ஈழ இலக்கியம் நடத்திக்கொண்டிருந்தேன். பின்னணியாக இயக்கங்களின் வரலாற்றைச் சொல்லும்போது, ஊர்மிளா என்ற பெண்ணோடு தொடர்பு என்ற குற்றச்சாட்டில் உமா மகேஸ்வரன் விலக்கப்பட்டார், இயக்கம் உடைந்தது என்று ஒரே மூச்சில் தாண்டிப்போனேன். மானாமதுரைப் பக்கத்து முகாமிலிருந்து பஸ் பிடித்து வரும் மாணவி எழுந்து நின்றாள். "மேம், அந்த ஊர்மிளா என்ன சொன்னாங்க?"

பத்து வருடமாக அந்தப் பாடத்தை நடத்துகிறேன். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. அவளுக்குப் பதில் தேடிப் போனபோது, ஆயுதம் ஏந்திய ஆண்கள் தங்களுக்குள் நடந்த வன்முறையை எப்படி விசாரித்துக்கொண்டார்கள் என்ற பெரிய கேள்விக்குள் போய் விழுந்தேன்.

தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கம் 1976 மே 5 அன்று உருவானது. நில அளவையாளராக வேலை பார்த்த உமா மகேஸ்வரன் அதன் மத்தியக் குழுத் தலைவரானார். பிரபாகரன் இராணுவப் பொறுப்பில் இருந்தார். இயக்கத்துக்கு எழுதப்பட்ட ஒழுக்க விதிகள் இருந்தன. குடும்பம், காதல் கூடாது, வேறு இயக்கம் அமைக்கக் கூடாது, மீறினால் தண்டனை. தமிழர் விடுதலைக் கூட்டணியின் மகளிர் பிரிவில் வேலை செய்த ஊர்மிளா இந்த இயக்கத்துக்குள் வந்தார். அதன் முதல் பெண் உறுப்பினர் என்று குறிப்பிடப்படுகிறவர் அவர்தான். 1978இல் இயக்கம் முதன்முதலாகத் தன் பெயரில் கொலைகளுக்கு உரிமை கோரி வெளியிட்ட கடிதத்தைத் தட்டச்சு செய்தவரும் அவரே என்று அக்கால நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன.

இவருக்கும் உமா மகேஸ்வரனுக்கும் உறவு என்று குற்றச்சாட்டு எழுந்தது. உமா மறுத்தார். லண்டனிலிருந்து ஆட்கள் சென்னைக்கு வந்து சமரசம் பேசினார்கள். கடைசியில் உமா வெளியேற்றப்பட்டார். 1980இல் அவர் புளொட் இயக்கத்தைத் தொடங்கினார். விதிப்படி அது இரண்டாவது குற்றம்.

இந்தக் கதையைச் சொல்லும் ஆண்கள் பலர். தலைமைப் போட்டிதான் உண்மைக் காரணம், பெண் விவகாரம் ஒரு சாக்கு என்பவர்கள் உண்டு. ஒழுக்கம்தான் காரணம் என்பவர்களும் உண்டு. இரு தரப்பும் அவர் பெயரைப் பயன்படுத்துகின்றன. நான் படித்த எதிலும் அவர் பேசும் ஒரு வரி இல்லை. குற்றம் சாட்டியவர்கள், குற்றம் சாட்டப்பட்டவர், நடுவர்கள் எல்லோரும் ஆண்கள். ஊர்மிளா அந்த வழக்கில் சாட்சிகூட இல்லை, சான்றுப்பொருள். அடுத்த சில ஆண்டுகளிலேயே அவர் நோயில் இறந்துபோனார்.

விதி பிறகு மாறியது. 1984 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்களைப் புலிகள் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதில் ஒருவர் மதிவதனி. அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று திருப்போரூர் முருகன் கோயிலில் பிரபாகரன் அவரை மணந்தார். அதன்பின் குறிப்பிட்ட வயதும் சேவைக் காலமும் நிறைந்தவர்கள் மணம் செய்துகொள்ளலாம் என்றானது. அந்தத் திருமணத்தை நான் குறைசொல்லவில்லை. தலைவர் காதலிக்கும்வரை குற்றமாக இருந்தது, தலைவர் காதலித்த பிறகு குற்றமாக இல்லாமல் போனது என்பதைத்தான் குறித்துக்கொள்கிறேன்.

இந்த உடைவின் தொடர்ச்சி நம் தெருவிலேயே நடந்தது. 1982 மே 19 மாலை, சென்னை தியாகராய நகர் பாண்டி பஜாரில் பிரபாகரனும் அவர் தோழர் ஒருவரும் உமா மகேஸ்வரனையும் அவருடன் வந்தவரையும் எதிர்கொண்டார்கள். துப்பாக்கிகள் வெடித்தன. உமாவுடன் வந்தவர் காயப்பட்டார். பிரபாகரனும் தோழரும் அங்கேயே பிடிபட்டார்கள். தப்பி ஓடிய உமா சில நாட்களில் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் பிடிபட்டார்.

பாத்திரக்கடைக்கும் புடவைக்கடைக்கும் நடுவில் நடந்த சண்டை என்பதால் இது இயக்கத்தின் உள்விவகாரமாக இருக்க முடியவில்லை. காவல்நிலையம், மாஜிஸ்திரேட், மத்திய சிறை, ஜாமீன் மனு என்று சாதாரணச் சட்டத்தின் பாதைக்குள் வந்தது. இரு தளபதிகளும் கூண்டில் நின்று, ஏன் சுட்டோம் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியாக வேண்டிய வாய்ப்பு அது. இலங்கை அரசு அவர்களைக் கேட்டது. ஒப்படைக்கக் கூடாது என்று பழ. நெடுமாறன் முயற்சியில் தமிழ்நாட்டுக் கட்சிகள் கூடித் தீர்மானம் போட்டன. சித்திரவதைக் கூடத்துக்கு யாரையும் அனுப்பக் கூடாது என்ற அளவில் அது சரி. ஆனால் வழக்கும் அதோடு நீர்த்துப்போனது. நிபந்தனை ஜாமீனில் மதுரையில் இருந்த பிரபாகரன் 1983இல் கிளம்பிப் போய்விட்டார். நமக்குத் தேவையானவர்கள் என்று நாம் நினைத்தோம். தேவையானவர்களை யாரும் விசாரிப்பதில்லை.

இது தமிழர்களுக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இதைவிடப் பச்சையான சம்பவம் உண்டு. 1862 செப்டம்பர் 29, கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரம், கால்ட் ஹவுஸ் விடுதி. வடக்குத் தரப்பின் மேஜர் ஜெனரல் வில்லியம் நெல்சன் தனக்குக் கீழிருந்த ஜெனரல் ஜெஃபர்சன் சி. டேவிஸை முன்பு அவமதித்திருந்தார். அன்று வாக்குவாதம் முற்றிக் கன்னத்தில் அறைந்தார். டேவிஸ் அங்கிருந்தவரிடம் துப்பாக்கி வாங்கி நெல்சனைச் சுட்டுக் கொன்றார். பார்த்த சாட்சிகள் ஏராளம். டேவிஸ் காவலில் வைக்கப்பட்டார். ஆனால் எதிரிப்படை நெருங்கிக்கொண்டிருந்தது, இராணுவ நீதிமன்றத்துக்கு அதிகாரிகளை ஒதுக்க நேரமில்லை, குற்றப்பத்திரிகையும் எழுதப்படவில்லை. சில வாரங்களில் அவர் படைக்குத் திரும்பினார். உள்ளூர் நீதிமன்றம் பதிந்த வழக்கும் 1864இல் கைவிடப்பட்டது.

வழக்கமாக இந்தக் கதை இங்கே முடிக்கப்படும், இரண்டு முன்கோபிகளின் கதையாக. நமக்கு அடுத்த காட்சிதான் முக்கியம். 1864 டிசம்பர் 9, ஜார்ஜியாவில் எபனேசர் ஓடை. அதே டேவிஸின் படை மிதவைப் பாலம் போட்டுக் கடக்கிறது. பண்ணைகளிலிருந்து விடுதலை பெற்ற கறுப்பின மக்கள், பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக, பாதுகாப்புக்காகப் படையின் பின்னால் நடந்து வந்திருந்தார்கள். கடைசிச் சிப்பாய் கடந்ததும் பாலத்தை அகற்ற டேவிஸ் உத்தரவிட்டார். பின்னால் எதிரியின் குதிரைப்படை, முன்னால் குளிர்ந்த நீர். பலர் குதித்து மூழ்கினார்கள். எஞ்சிய பலர் பிடிபட்டு மீண்டும் அடிமைகளானார்கள். அதற்கும் டேவிஸ் தண்டிக்கப்படவில்லை. சக தளபதியைக் கொன்றே கேள்வி எழாத ஒருவருக்கு, ஆற்றங்கரையில் நிற்கும் பெண்கள் எம்மாத்திரம்?

அதிகாரிகளுக்குள் நடக்கும் வன்முறை அவர்கள் பிரச்சினை, நமக்கென்ன என்று பெண்கள் விலகிவிட முடியாது என்று நான் நினைப்பது இதனால்தான். அங்கே விசாரிக்கப்படாமல் விடப்படுவது வெளியே வருகிறது. அது முதலில் வந்து சேரும் வாசல் நம்முடையது.

ஈழத்திலும் அப்படித்தான் வந்தது. உமா மகேஸ்வரனின் இயக்கம் தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டுப் பக்கம் முகாம்கள் நடத்தியது. கேள்வி கேட்ட இளைஞர்கள் அங்கே சித்திரவதை செய்யப்பட்டார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள். வெளியேறித் தப்பியவர்களில் ஒருவர் கோவிந்தன் என்ற பெயரில் 1985இல் எழுதிய நாவல்தான் 'புதியதோர் உலகம்'. அதே ஆண்டு அவ்வியக்கத்தின் முன்னணித் தலைவர் சந்ததியார் சென்னையிலிருந்து கடத்திச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். ஒரு பெண்ணின் பெயரால் விசாரணையின்றி வெளியேற்றப்பட்டேன் என்று குறைபட்டவரின் இயக்கத்திலும் விசாரணை என்று ஒன்று இருக்கவில்லை. 1989 ஜூலையில் கொழும்பில் உமா மகேஸ்வரனைச் சுட்டுக் கொன்றவர்களும் அவருடைய ஆட்களே.

1986 மார்ச்சில் டெலோ இயக்கத்தின் உட்பூசலில் தாஸ் என்ற தளபதியும் அவர் தோழர்களும் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போன இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர்கள் அதே இயக்கத்தின் இன்னொரு தளபதியின் ஆட்கள். நியாயம் கேட்டு மக்கள் ஊர்வலம் போனார்கள். ஊர்வலத்தை நோக்கியும் துப்பாக்கி திரும்பியது. இரண்டு மாதம் கழியும் முன்பே புலிகள் டெலோவை அழித்தார்கள். அதன் தலைவர் சிறீ சபாரத்தினம் மே மாதம் கொல்லப்பட்டார்.

இதற்கு இரண்டு வருடம் முன்னால், 1984இல், யாழ்ப்பாணத்துத் தாய்மார் அன்னையர் முன்னணி என்று திரண்டிருந்தார்கள். இராணுவம் பிடித்துப்போன பிள்ளைகளைக் கேட்டுக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்துக்கு, ஊர்வலம் போனார்கள். எதிரி அரசாக இருந்தாலும் போய் நின்று கத்துவதற்கு ஒரு கட்டடம் இருந்தது. இயக்கம் பிடித்துப்போன பிள்ளைக்கு எந்தக் கச்சேரிக்குப் போவது? "மண்டையில போட்டாச்சு" என்று அன்றைய யாழ்ப்பாணத்தில் ஒரு பேச்சு புழங்கியது. அந்த இரண்டு சொல்லில் குற்றச்சாட்டு, விசாரணை, தீர்ப்பு, தண்டனை எல்லாம் அடங்கிவிட்டன. மேல்முறையீடு தாயின் அழுகை மட்டும். அதையும் சத்தமாகச் செய்ய முடியாது, துரோகியின் தாய் என்பார்கள்.

புலிகள் நீதிமன்றமே வைக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1993இல் யாழ்ப்பாணத்தில் அவர்கள் நீதிமன்றங்களைத் திறந்தார்கள். 1994இல் குற்றவியல், குடியியல் சட்டக் கோவைகள் வந்தன. பெண்கள் நீதிபதிகளாக அமர்ந்தார்கள். சீதனம், பெண்ணின் சொத்துரிமை போன்றவற்றில் பழைய தேசவழமையைத் திருத்தினார்கள். இதைப் படிக்கும் பெண்ணியவாதி யாருக்கும் மனம் கொஞ்சம் இளகும். எனக்கும் இளகியது.

ஆனால் அதே 1993இல்தான் இயக்கத்தின் துணைத் தலைவர் மாத்தையா கைது செய்யப்பட்டார். இந்திய உளவுத்துறையோடு சேர்ந்து சதி என்பது குற்றச்சாட்டு. புதிதாகத் திறந்த அந்த நீதிமன்றங்கள் எதிலும் அவர் நிறுத்தப்படவில்லை. 1994 டிசம்பரில் கொல்லப்பட்டார். அவருக்குக் கீழிருந்த பலரும் கொல்லப்பட்டார்கள். குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்பதில் இன்றும் சண்டை நடக்கிறது. திறந்த விசாரணை நடந்திருந்தால் சண்டைக்கு இடமில்லை. வேலித் தகராறுக்கும் சீதனத்துக்கும் சட்டப்புத்தகம், தளபதிகளுக்கு நிலவறை என்று பிரித்து வைத்திருந்தார்கள்.

நிலவறையின் கதவு தளபதிகளுக்கு மட்டும் திறக்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்த செல்வி ஒரு கவிஞர். 'தோழி' என்ற பெண்ணிய இதழை நடத்தியவர். 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட மருத்துவர் ராஜனி திரணகம தொடங்கிவைத்த பூரணி பெண்கள் இல்லத்தோடு சேர்ந்து வேலை செய்தவர். 1991 ஆகஸ்ட் 30 அன்று புலிகள் அவரைக் கொண்டுபோனார்கள். 1992இல் பென் அமைப்பு அவருக்கு எழுத்துச் சுதந்திர விருது கொடுத்தது. வாங்கிக்கொள்ள அவர் வரவில்லை, திரும்பவே இல்லை. கவிதை எழுதுகிற எவளும் அந்தப் பெயரைச் சும்மா கடந்து போக முடியாது. அவர் மீது என்ன குற்றம் சாட்டப்பட்டது, அதற்கு அவர் என்ன சொன்னார் என்பதற்கும் ஏடு இல்லை. ஊர்மிளாவின் மௌனம் செல்வியிடம் வந்து சேர்ந்திருந்தது.

இயக்கங்கள் அப்படி, முறையான இராணுவங்கள் வேறு என்று சொல்லக்கூடும். நம்முடைய 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தைப் பார்ப்போம். மேலதிகாரியைத் தாக்கினால் என்ன தண்டனை என்று பிரிவு 40 துல்லியமாகச் சொல்கிறது. களப்பணியின்போதோ, அந்த மேலதிகாரி தன் கடமையைச் செய்துகொண்டிருக்கும்போதோ 14 ஆண்டு வரை, மற்றபடி 10 ஆண்டு வரை. படிநிலைக்கு விழும் அடியை எடைபோட அங்கே நல்ல தராசு உண்டு. பெண்ணை எடைபோடும் தராசு எப்படி இருக்கிறது? சக அதிகாரியின் மனைவியின் அன்பைத் திருடியது என்று ஒரு குற்றச்சாட்டு நம் படைகளில் புழக்கத்தில் இருக்கிறது. அன்பு கணவனின் உடைமை, அதைத் திருடுகிறவன் இன்னோர் அதிகாரி. நடுவில் இருக்கும் பெண் பெட்டகம். பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018இல் நீக்கியது. 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம், படைகளுக்குள் எடுக்கப்படும் ஒழுங்கு நடவடிக்கையை அத்தீர்ப்பு தொடாது என்று விளக்கியது. ஊர்மிளாவின் பெயரை வைத்து நடந்த அந்தச் சென்னைப் பேச்சுவார்த்தைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

இன்னொரு பிரிவு 70. இராணுவத்தைச் சேராத ஒருவரைப் படையினர் கொன்றாலோ வன்புணர்ந்தாலோ சாதாரண நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று அது தொடங்குகிறது. களப்பணியில் இருந்தால் இராணுவ நீதிமன்றமே விசாரிக்கலாம் என்று அடுத்த மூச்சில் விலக்குத் தருகிறது. பெண்களுக்கு ஆபத்து அதிகமாக இருக்கும் இடமும் களப்பணி நடக்கும் இடமும் ஒன்றுதான். படையினர் செய்யும் பாலியல் வன்முறையைச் சாதாரணக் குற்றவியல் சட்டத்தின் கீழ் கொண்டுவர வேண்டும் என்று 2013இல் நீதிபதி வர்மா குழு பரிந்துரைத்தது. பிரிவு 70இன் விலக்கு நீக்கப்படவில்லை.

திறந்த நீதிமன்றம் என்ன செய்யும் என்பதற்கு ஈழத்திலிருந்தே ஒரு சான்று உண்டு. 1996 செப்டம்பர் 7. சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசாமி, உயர்தரப் பரீட்சையில் வேதியியல் தாள் எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்புகிறார். செம்மணிச் சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டார். சிப்பாய்கள் வன்புணர்ந்து கொன்றார்கள். தேடிப்போன தாய் இராசம்மா, தம்பி பிரணவன், பக்கத்து வீட்டுக்காரர் கிருபாமூர்த்தி மூவரையும் கொன்று புதைத்தார்கள். விடாப்பிடியான போராட்டத்தால் இந்த வழக்கு இராணுவத்தின் கைக்குள் அடங்காமல் கொழும்பு மேல் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் முன்னால் வந்தது. 1998 ஜூலையில் தீர்ப்பு. சிப்பாய்களுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. நான் மரண தண்டனையை ஏற்பவள் இல்லை. அந்த நாளின் பயன் தண்டனையில் இல்லை, அதற்குப் பின் ஒரு குற்றவாளி சொன்னதில் இருக்கிறது. அதிகாரிகள் சொல்லித்தான் புதைத்தோம், செம்மணியில் 300, 400 உடல்கள் இருக்கின்றன என்றார் லான்ஸ் கார்ப்பரல் சோமரத்ன ராஜபக்ச. 1999இல் தோண்டியபோது 15 எலும்புக்கூடுகள் கிடைத்தன. 2025இல் செம்மணியில் மறுபடி தோண்டினார்கள். குழந்தைகளின் எலும்புகளும் ஒரு பள்ளிப் பையும் வெளியே வந்தன.

பாசறைக்குள் மூடிய கதவுக்குப் பின்னால் அந்த வழக்கு நடந்திருந்தால், தண்டனை ஒருவேளை கிடைத்திருக்கும். செம்மணி வாய் திறந்திருக்காது. அதிகாரிக்கும் அதிகாரிக்கும் இடையில் நடக்கிற வன்முறைக்கும் இது பொருந்தும். உள்ளுக்குள்ளேயே தீர்த்துக்கொள்கிறோம் என்று எந்தப் படை சொன்னாலும், எந்த இயக்கம் சொன்னாலும், எந்தக் குடும்பம் சொன்னாலும், தீர்த்துக்கொள்ளப்படுவது யார் என்று பார்க்க வேண்டும். நம்மூர்ப் பஞ்சாயத்துகளைப் பார்த்து வளர்ந்த பெண்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மாணவியிடம் அடுத்த வாரம் சொன்னேன், ஊர்மிளா என்ன சொன்னார் என்பது எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை என்று. எழுதியவர்கள் யார் யார், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தேன். இயக்கத்தின் மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்த தமிழினி எழுதி, அவர் மறைவுக்குப் பின் 2016இல் வெளியான 'ஒரு கூர்வாளின் நிழலில்' நூலைப் படிக்கச் சொன்னேன். அதை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் இருக்கிறார்கள். கூண்டில் ஏறி ஒரு பெண் தானே பேசிய குரல் என்பதால் எனக்கு அது முக்கியம்.

அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனாள். ஒரு மாதம் கழித்துக் கையெழுத்தில் நிரம்பிய ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்தாள். முகாமில் அவளோடு இருக்கும் அம்மம்மா வடமராட்சிக்காரர். 1986இல் அங்கே இருந்தவர். பேத்தி கேட்கக் கேட்க மூன்று இரவு பேசியிருக்கிறார். அந்த நோட்டில் இருப்பது அம்மம்மாவுடையது. அதை என்றைக்கு அச்சில் கொண்டுவருவது என்று பேத்திதான் முடிவு செய்ய வேண்டும். முதல் பக்கத்தின் மேல் எழுதியிருந்த ஒரு வரியை மட்டும் இங்கே எடுத்துச் சொல்ல அனுமதி வாங்கியிருக்கிறேன். இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று பேத்தி கேட்டதற்கு அவர் சொன்ன பதில் அது.

"ஒருத்தரும் கேக்கேல்லையே, பிள்ளை."